வீட்டுக்குள்ள எவனாச்சும் புகுந்தா சுடலாமா? டெக்சாஸ்ல துப்பாக்கி வாங்குற யோசனை, சட்ட சிக்கல் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாலாறு_பையன்:

வணக்கம் மக்களே. டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல இருக்கோம், நான் எச்1பி வேல விசா, வொய்ஃப் எச்4 டிபென்டன்ட் விசா, சின்னப் பசங்க ரெண்டு பேர். போன மாசம் எங்க கம்யூனிட்டில நம்மாளுங்க வீடு ஒண்ணுல பட்டப்பகல்ல பின்பக்க கண்ணாடிக் கதவ ஒடச்சு நகை எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டானுங்க. அவங்க கோயிலுக்குப் போயிருந்த நேரம். ஆள் உள்ள இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. கூட வேல செய்யுற அமெரிக்கர் ஒருத்தர் "இது டெக்சாஸ்யா, வீட்டுக்குள்ள வந்தா சுட்டுட்டு போலீஸுக்கு போன் போடு, ஒண்ணும் ஆகாது"ன்றாரு. வாட்ஸப் குரூப்லயும் இதே பேச்சுதான் ஓடுது. நெஜமாவே அவ்ளோ சுலபமா? சுட்டதுக்கு அப்புறம் என்ன நடக்கும்? கேஸ் வந்தா விசா என்ன ஆகும்? தெரிஞ்சவங்க வெளக்கமா சொல்லுங்க ப்ளீஸ்.

சேலத்து_சிங்கம்:

யோசிக்கவே வேணாம் ப்ரோ, வாங்குங்க. நம்ம வீட்டுல தங்கம் இருக்கும்னு ஊரு ஒலகத்துக்கே தெரியும். 2011ல இருந்து 2014 வரைக்கும் ஒரு கும்பல் ஜார்ஜியா, நியூயார்க், மிச்சிகன், டெக்சாஸ்னு ஸ்டேட் ஸ்டேட்டா போய் இந்தியக் குடும்பங்களா பாத்து வீடு புகுந்து ஆளுங்கள மெரட்டி கட்டிப்போட்டு கொள்ளையடிச்சுச்சு, தலைமை தாங்குன ஆளுக்கு 2019ல 37 வருஷம் ஜெயில் குடுத்தாங்க. 911 அடிச்சு போலீஸ் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். டெக்சாஸ்ல நம்ம பக்கம் சட்டம் ஸ்ட்ராங்கா இருக்கு.

வைகைக்கரையான்:

தம்பி பாலாறு, நான் வக்கீல் இல்ல, ஹூஸ்டன்ல ஒரு கிரிமினல் டிஃபென்ஸ் வக்கீல் ஆபீஸ்ல பாராலீகலா, அதாவது வக்கீலுக்கு உதவியாளரா வேல பாக்குறேன், அதனால இத பொதுவான தகவலா எடுத்துக்கங்க, உங்க விஷயத்துக்கு வக்கீல பாத்தே ஆகணும்.

எல்லாரும் சுடுறதுல இருந்து ஆரம்பிக்கிறாங்க. உங்களுக்கு சிக்கல் அதுக்கு ரொம்ப முன்னாடியே, கடை வாசல்லயே இருக்கு. நீங்க எச்1பி. ஃபெடரல் சட்டத்துல 18ஆம் தலைப்பு 922(ஜி)(5) பிரிவு, நான்-இமிக்ரன்ட் விசாவுல, அதாவது தற்காலிகமா உள்ள வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லுது. எச்1பி, எச்4, எல்1, மாணவர் விசா எஃப்1 எல்லாரும் இதுக்குள்ள வருவாங்க. கிரீன் கார்டு வந்தவங்களுக்கு இந்தத் தடை இல்ல. டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துட்டுப் போகலாம்னு ஆச்சு, அது உண்மைதான், ஆனா அது ஃபெடரல் சட்டப்படி வச்சிருக்க தகுதி உள்ளவங்களுக்கு மட்டும். டெக்சாஸ் சட்டம் என்ன சொன்னாலும் ஃபெடரல் தடை அப்படியே உங்க தலைமேல நிக்கும். 2022ல வந்த சட்டத்துல இந்தக் குத்தத்துக்கு அதிகபட்ச தண்டனைய 10 வருஷத்துல இருந்து 15 வருஷமா ஏத்திட்டாங்க.

கடைல 4473ன்னு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, அதுல இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ் நேரடியா கேப்பாங்க, அதுல பொய்யா டிக் பண்ணா அது தனி குத்தம். கிரீன் கார்டு இருக்குற ஃப்ரெண்டு பேர்ல உங்களுக்காக வாங்கி வச்சுக்கலாம்னு சிலர் ஐடியா குடுப்பாங்க, அது ஸ்ட்ரா பர்ச்சேஸ், அதுக்கும் 15 வருஷம் வரைக்கும் போகலாம், மாட்டுறது நீங்க மட்டும் இல்ல அந்த ஃப்ரெண்டும்தான். இதெல்லாம் போக, துப்பாக்கி சம்பந்தமான தண்டனை ஒண்ணு விழுந்தாலே நாடு கடத்த அது போதுமான காரணம்னு இமிக்ரேஷன் சட்டத்துல தனியா எழுதியிருக்கு, கிரீன் கார்டுக்காரங்களுக்கும் சேத்துதான். திருடன் வந்தப்ப நீங்க நியாயமாவே சுட்டிருந்தாலும் போலீஸ் வந்து மொதல்ல கேக்கப் போறது இந்த துப்பாக்கி யாரோடதுன்னுதான். சுட்ட கேஸ்ல தப்பிச்சு வச்சிருந்த கேஸ்ல உள்ள போற நெலம உங்களுக்கு வரக் கூடாதுன்னுதான் இவ்ளோ பெருசா எழுதுறேன்.

சேலத்து_சிங்கம்:

அண்ணே இதுல ஒரு வழி இருக்கே, ஹன்டிங் லைசன்ஸ் எடுத்தா எச்1பிக்காரங்களும் வாங்கலாம். என் ஆபீஸ்லயே பல பேர் அப்படித்தான் வாங்கியிருக்காங்க. ஆன்லைன்ல பத்து நிமிஷ வேல.

வைகைக்கரையான்:

நீங்க சொல்றது சரிதான், சட்டத்துலயே அந்த விதிவிலக்கு இருக்கு, அமெரிக்கால ஏதாவது ஒரு ஸ்டேட் குடுத்த வேட்டை லைசன்ஸ் கைல இருந்தா தடை பொருந்தாது. நான் அத மறுக்கல. ஆனா ஒரு விஷயத்த கவனிங்க. டெக்சாஸ் வேட்டை லைசன்ஸ் நீங்க எந்த மாசத்துல வாங்குனாலும் ஆகஸ்ட் 31 அன்னிக்கு முடிஞ்சிரும். புதுசு எடுக்காம விட்டா செப்டம்பர் 1 காலைல அதே துப்பாக்கி அதே அலமாரில இருக்கும், ஆனா நீங்க ஃபெடரல் குத்தவாளி. லைசன்ஸ வாங்கி துப்பாக்கியும் வாங்கிட்டு அதுக்கப்புறம் லைசன்ஸ மறந்துபோனவங்க எத்தன பேரு இருக்காங்கன்னு எனக்கு பயமாவே இருக்கு. இன்னொண்ணு, உங்க பேர்ல லைசன்ஸ் இருக்கு சரி, வொய்ஃப் எச்4, அவங்க பேர்ல இல்ல. சேஃப் நம்பர் அவங்களுக்கும் தெரியும், எப்ப வேணா தெறந்து எடுக்க முடியும்னா அவங்களும் வச்சிருக்கறதா அரசு தரப்பு வாதாட முடியும். கைல புடிச்சிருந்தாதான் வச்சிருக்கறதுன்னு இல்ல.

பாலாறு_பையன்:

அண்ணா கை நடுங்குது இத படிச்சதும். வொய்ஃப் விஷயத்த நான் யோசிக்கவே இல்ல. சரி, ஒரு பேச்சுக்கு கிரீன் கார்டு வந்திருச்சுன்னே வச்சுக்குவோம். அப்ப வீட்டுக்குள்ள வந்தவன சுட்டா டெக்சாஸ்ல கேஸ் இல்லதான?

வைகைக்கரையான்:

டெக்சாஸ் பீனல் கோடு 9ஆம் சாப்டர்ல இது இருக்கு. 9.32 தான் முக்கியம். அடுத்தவன் உங்கமேல உயிர்ப்போற மாதிரி பலாத்காரம் பண்றத தடுக்க அந்த நொடியே கொல்ற அளவு பலம் தேவைன்னு நீங்க நியாயமா நம்பியிருக்கணும். 2007ல ஒரு திருத்தம் வந்து, ஆள் இருக்குற வீட்டுக்குள்ள ஒருத்தன் சட்டவிரோதமா, பலவந்தமா நுழஞ்சா உங்க நம்பிக்கை நியாயமானதுதான்னு சட்டமே மொதல்ல எடுத்துக்கும். பின்வாங்கி ஓட வேண்டிய கடமையும் கிடையாது. அதுவரைக்கும் உங்க ஆபீஸ் நண்பர் சொன்னது சரி.

ஆனா அந்தச் சலுகைக்கு நிபந்தன இருக்கு. நீங்க அவன சீண்டியிருக்கக் கூடாது, அந்த நேரத்துல நீங்களே வேற குத்தம் எதுவும் செஞ்சுட்டு இருக்கக் கூடாது, "பலவந்தமா"ன்ற வார்த்தையும் சும்மா இல்ல. தெறந்து கெடந்த கராஜ் வழியா போதைல நடந்து வந்த பக்கத்து வீட்டுப் பையன் கேஸ்ல இந்தச் சலுகை உங்களுக்கு தானா கெடச்சுரும்னு எந்த வக்கீலும் உறுதி குடுக்க மாட்டார்.

அப்புறம் 9.42ன்னு ஒண்ணு இருக்கு, சொத்த காப்பாத்தவும் சில நேரம் கொல்ற அளவு பலம் பயன்படுத்தலாம்னு, ராத்திரி நேரத் திருட்டு உட்பட. வாட்ஸப்ல சுத்துறதெல்லாம் இத வச்சுத்தான். அதுலயும் அந்தப் பொருள வேற எந்த வழிலயும் மீட்க முடியாது, இல்லன்னா சின்ன பலம் போட்டா நமக்கே உயிராபத்துன்னு நியாயமா நம்பியிருக்கணும். 2007 நவம்பர்ல ஹூஸ்டன் பக்கம் பாசடினால ஜோ ஹார்ன்ற பெரியவர் பக்கத்து வீட்ட ஒடச்சுட்டு வெளிய வந்த ரெண்டு பேர சுட்டுக் கொன்னாரு. 911ல பேசுன ஆபரேட்டர் வெளிய போகாதீங்க, சுடாதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றது முழுசா ரெக்கார்டு ஆகியிருக்கு. 2008 ஜூன்ல குத்தம் சாட்டலாமான்னு முடிவு பண்ற பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி அவர்மேல குத்தம் சாட்ட மாட்டோம்னு விட்டுருச்சு. இத கேட்டுத்தான் எல்லாரும் டெக்சாஸ்ல எதுவும் ஆகாதுன்றாங்க. அந்த ஏழு மாசம் அவர் தலைக்கு மேல கொலக் கேஸ் தொங்குச்சு, வீட்டு முன்னாடி போராட்டம் நடந்துச்சு, நாடு முழுக்க அவர் பேரு நாறுச்சு. ஒரு கிராண்ட் ஜூரி விட்டா அடுத்த கிராண்ட் ஜூரியும் விடும்னு எந்தச் சட்டமும் இல்ல. அதுவும் நம்ம மூஞ்சி, நம்ம பேரு, நம்ம இங்கிலீஷ வச்சுட்டு ஜூரில உக்காந்த பன்னெண்டு பேர் முன்னாடி "எனக்கு பயமா இருந்துச்சு"ன்னு புரிய வைக்கணும். நான் பாத்த வரைக்கும் அதுதான் கஷ்டமான வேல.

கரிசக்காட்டு_பொண்ணு:

சட்டம் எனக்கு அவ்வளவா தெரியாது, ஆனா எங்க வீட்டுல நடந்தத சொல்லிர்றேன். போன வருஷம் அத்த கோவில்பட்டில இருந்து வந்திருந்தாங்க. ஜெட்லாக், நடுராத்திரி மூணு மணிக்கே முழிச்சுட்டாங்க. எங்கள எழுப்ப வேணாம்னு லைட் போடாம கீழ எறங்கி, அடுப்படில டம்ளர தேடி, அப்புறம் பின்னாடி பேட்டியோ கதவ தெறந்து துளசிச் செடிகிட்ட நின்னுருக்காங்க. கதவு தெறந்ததும் அலாரம் ரெண்டு தடவ பீப் அடிச்சுச்சு. எங்க வீட்டுக்காரர் சேஃப தெறந்து துப்பாக்கிய எடுத்துட்டு மாடிப்படில எறங்கிட்டாரு. நான் பின்னாலயே போறேன். கீழ இருட்டுல வெள்ளையா ஒரு உருவம் உள்ள வருது. இவரு "ஹூ இஸ் தட்"னு கத்துறாரு, அத்தைக்கு காது கொஞ்சம் மந்தம், பதிலே இல்ல, நடந்து வந்துட்டே இருக்காங்க. நான் சுவத்துல தடவி சுவிட்ச போட்டேன். கைல சொம்போட அத்த நிக்கிறாங்க. அந்த சுவிட்சு ஒரு அடி தள்ளி இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் பேசக்கூட முடியல. அடுத்த வாரமே அத வித்துட்டாரு. வர்ற சம்மருக்கு உங்க வீட்டுக்கும் ஊர்ல இருந்து அப்பா அம்மா வருவாங்கல்ல தம்பி, அத மனசுல வச்சுக்கங்க.

வைகைக்கரையான்:

அக்கா எழுதுனது படிச்சு ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். கோர்ட்டுக்கு வர்ற கேஸ்லயும் ரொம்ப வலிக்கிறது இந்த ஆள் மாறாட்டம்தான்.

1992 அக்டோபர் 17, லூசியானால பேட்டன் ரூஜ். யோஷிஹிரோ ஹட்டோரின்னு 16 வயசு ஜப்பான் பையன், எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடன்ட். ஹாலோவீன் பார்ட்டிக்கு கிளம்பி அட்ரஸ் மாறி வேற வீட்டு பெல்ல அடிச்சுட்டான். வீட்டுக்காரர் ராட்னி பேர்ஸ் .44 மேக்னம எடுத்துட்டு வந்து ஆங்கிலத்துல அசையாதேன்னு கத்துறாரு, பையனுக்கு அது புரிஞ்ச மாதிரி தெரியல, சிரிச்சுட்டே முன்னாடி வர்றான், சுட்டுட்டாரு. 1993ல கிரிமினல் கோர்ட் ஜூரி குத்தவாளி இல்லன்னு விட்டுருச்சு. எல்லாரும் கதைய இங்கயே முடிச்சுருவாங்க. 1994ல பையனோட அப்பா அம்மா போட்ட சிவில் கேஸ்ல ஆறரை லட்சம் டாலருக்கு மேல நஷ்டஈடு குடுக்கணும்னு தீர்ப்பு. இன்ஷூரன்ஸ் குடுத்தது ஒரு லட்சம். ரெண்டு கோர்ட்டுக்கும் அளவுகோல் வேற, கிரிமினல்ல சந்தேகத்துக்கு எடமில்லாம நிரூபிக்கணும், சிவில்ல யார் பக்கம் கொஞ்சம் கனமா சாயுதுன்னு பாத்தா போதும்.

டெக்சாஸ்ல சுட்டது நியாயம்னு ஆச்சுன்னா சிவில் கேஸ்ல இருந்தும் பாதுகாப்பு உண்டு, அத சொல்லித்தான் ஆகணும். ஆனா நியாயம்னு ஆகுற வரைக்கும் வக்கீல் ஃபீஸ் உங்க பாக்கெட்ல இருந்துதான். இன்ஷூரன்ஸ் பத்தி நெறைய பேர் கேப்பாங்க. வீட்டு இன்ஷூரன்ஸ்ல வேணும்னே செஞ்ச காரியத்துக்கு காசு தர மாட்டோம்னு ஒரு ஷரத்து பொதுவா இருக்கும், சில பாலிசில தற்காப்புக்காக நியாயமான பலம் போட்டா மட்டும் அந்த ஷரத்து பொருந்தாதுன்னு இருக்கும். உங்க பாலிசிய எடுத்து அந்த ஒரு பக்கத்த இன்னிக்கே படிச்சிருங்க.

2013 நவம்பர்ல டெட்ராய்ட் பக்கம் டியர்பார்ன் ஹைட்ஸ்ல 19 வயசுப் பொண்ணு ரெனிஷா மெக்பிரைட், கார் ஆக்சிடன்ட் ஆகி சில மணி நேரம் கழிச்சு விடியக்காலைல ஒரு வீட்டுக் கதவ தட்டுனா. வீட்டுக்காரர் தியோடர் வேஃபர் பூட்டியிருந்த ஸ்க்ரீன் டோர் வழியா ஷாட்கன்னால சுட்டாரு. மொதல்ல போலீஸ்கிட்ட துப்பாக்கி தானா வெடிச்சிருச்சுங்குற மாதிரி சொன்னாரு, கோர்ட்ல பயத்துல சுட்டேன்னாரு. பேச்சு மாறுனத அரசு தரப்பு விடவே இல்ல. செகண்ட் டிகிரி மர்டர், அதாவது திட்டம் போடாத கொலைன்னு தீர்ப்பு, 17 வருஷத்துக்கு குறையாம ஜெயில். 2023 ஏப்ரல்ல கன்சாஸ் சிட்டில ரால்ஃப் யார்ல், தம்பிகள கூட்டிட்டு வரப் போய் தெருப்பேரு மாறிப் போச்சு, 84 வயசு பெரியவர் கதவு வழியாவே சுட்டாரு, பையன் பொழச்சான், பெரியவர் 2025ல குத்தத்த ஒத்துக்கிட்டாரு. அது நடந்து ரெண்டே நாள்ல நியூயார்க் ஹீப்ரான்ல தப்பான டிரைவ்வேல திரும்புன கார்ல இருந்த 20 வயசுப் பொண்ணு செத்துப் போனா, சுட்டவருக்கு 25 வருஷத்துல இருந்து ஆயுள் வரைக்கும். கதவுக்கு வெளிய நிக்குறவன் இன்னும் உள்ள வரல. வீட்டுக்குள்ள இருக்குற சட்டப் பாதுகாப்பு அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ரொம்ப பலவீனமாயிரும். பெல் அடிக்கிறவன் பார்சல் பையனாத்தான் இருப்பான்.

ஸ்கார்பரோ_தம்பி:

அண்ணையாக்கள், நான் டொராண்டோவில இருந்து வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். இஞ்ச சட்டம் உங்கட டெக்சாஸ் மாதிரி இல்லை. துவக்கு (துப்பாக்கி) லைசன்ஸ் எடுத்து வச்சிருந்தாலும் ரவை (தோட்டா) போடாமல் பூட்டி வைக்கோணும், 2022 ஒக்டோபருக்குப் பிறகு சனங்கள் புதுசா கைத்துவக்கு வாங்கவே ஏலாது. 2010ல போர்ட் கோல்போர்ன் எண்ட இடத்தில இயன் தொம்சன் எண்டவற்ற வீட்டுக்கு முகமூடி போட்ட ஆக்கள் வந்து பெற்றோல் குண்டு எறிஞ்சவங்கள். அவர் வெளியில வந்து வெடி வச்சு அவங்களைக் கலைச்சார், ஒருத்தருக்கும் காயம் இல்லை. பொலிஸ் அவரிலயும் கேஸ் போட்டது, துவக்கையும் ரவையையும் ஒழுங்கா பூட்டி வைக்கேல்லை எண்டு. 2013 ஜனவரியில தான் விடுவிச்சது. வீட்டை எரிக்க வந்தவனுக்கு எதிரா நிண்ட மனுசன் ரெண்டு வருசத்துக்கு மேல கோட்டுக்கு அலைஞ்சவர். 2023ல மில்டனில வீடு புகுந்த ஒருத்தனைச் சுட்ட பெடியனுக்கு முதல்ல கொலைக் குற்றமே போட்டவங்கள், பிறகு சில மாதத்தில அதை மீளப் பெற்றவங்கள். நியாயம் உங்கட பக்கம் எண்டாலும் அது நியாயம் எண்டு தெரிய வாறதுக்குள்ள உங்கட வாழ்க்கை ஒருக்கா கவிண்டு போகும்.

சேலத்து_சிங்கம்:

எல்லாரும் இப்படியே பயமுறுத்துனா அப்ப என்னதான் பண்றது? புள்ளைங்கள கட்டிப்போடும்போது கை கட்டி நிக்கணுமா? சட்டம் நம்ம உயிர காப்பாத்தலன்னா அது எதுக்கு?

வைகைக்கரையான்:

கோவம் நியாயமானதுதான் தம்பி, நான் கை கட்டி நிக்கச் சொல்லல. சட்டம் காப்பாத்துன கேஸும் இருக்கு, அத தெரிஞ்சுக்கிட்டாதான் எங்க கோடு போட்டிருக்குன்னு புரியும்.

2011 டிசம்பர் 31, ஓக்லஹோமால பிளான்சர்ட். சாரா மெக்கின்லி, 18 வயசு, கைல மூணு மாசக் கொழந்த, புருஷன் கேன்சர்ல செத்து ஒரு வாரம்தான் ஆகுது. ரெண்டு பேர் கதவ ஒடைக்கிறானுங்க. அந்தப் பொண்ணு சோஃபாவ தள்ளி கதவ அடச்சு, கொழந்த வாய்ல பால் பாட்டில வச்சுட்டு, 911 லைன்ல இருபது நிமிஷத்துக்கு மேல இருந்தா. உள்ள வந்தா சுடலாமான்னு ஆபரேட்டர்கிட்டயே கேக்குறா. அவங்க சுடுன்னு சொல்ல முடியாது, கொழந்தைய காப்பாத்த செய்ய வேண்டியத செய்யுங்கன்ற மாதிரி சொன்னாங்க. கதவ ஒடச்சு கத்தியோட உள்ள வந்தவன ஷாட்கன்னால சுட்டா. அவமேல கேஸே போடல. கூட வந்தவன் மேலதான் கொலக் கேஸ் போட்டாங்க.

அடுத்த வருஷமே, 2012 நவம்பர்ல மினசோட்டா லிட்டில் ஃபால்ஸ். பைரன் ஸ்மித் வீட்டுல ஏற்கனவே திருட்டு நடந்திருக்கு, மனுஷன் உண்மையாவே பாதிக்கப்பட்டவர். தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு தன் வண்டிய வேற எடத்துல விட்டுட்டு, வீட்டுல ஆள் இல்லாத மாதிரி காட்டி, பேஸ்மென்ட்ல நாற்காலி போட்டு காத்திருந்தாரு. 17 வயசுப் பையன் படில எறங்குனான், சுட்டாரு. கொஞ்ச நேரத்துல 18 வயசுப் பொண்ணு எறங்குனா, அவளையும் சுட்டாரு. அடிபட்டு கீழ விழுந்ததுக்கு அப்புறமும் பக்கத்துல போய் மறுபடி சுட்டாரு. இது எல்லாத்தையும் அவரே வச்ச ரெக்கார்டர் பதிவு பண்ணிருச்சு. போலீஸுக்கு மறுநாள்தான் தகவல் போச்சு. ஜூரி கிட்டத்தட்ட மூணு மணி நேரத்துல முடிவு பண்ணுச்சு, பரோல் இல்லாத ஆயுள். வந்தவங்க திருடத்தான் வந்தாங்கன்றதுல யாருக்கும் சந்தேகம் இல்ல, இருந்தும். 2014ல மான்டானா மிசூலாலயும் ஒருத்தர் கராஜ் கதவ வேணும்னே தெறந்து விட்டு, கைப்பைய உள்ள வச்சு, மோஷன் சென்சார் போட்டு காத்திருந்து 17 வயசு ஜெர்மன் பையன சுட்டாரு, 70 வருஷம்.

அந்த நொடில நெஜமான ஆபத்து இருந்துச்சா, வேற வழி இல்லாம சுட்டீங்களா, ஆபத்து நின்னதும் நீங்களும் நிறுத்துனீங்களா. ஜூரி பாக்குறது அதத்தான். ஓடுறவன் முதுகுல சுட்டா, விழுந்தவன மறுபடி சுட்டா, பொறி வச்சு சுட்டா, கோவத்துல சுட்டதாத்தான் ஆகும். அதனாலதான் தயவு செஞ்சு வாட்ஸப் குரூப்ல "எவனாச்சும் வரட்டும் சுட்டுத் தள்றேன்"னு எழுதாதீங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உங்க போன வாரன்ட் போட்டு எடுப்பாங்க, அந்த மெசேஜ தமிழ்ல இருந்து மொழிபெயர்த்து ஜூரிகிட்ட படிச்சுக் காட்டுவாங்க. ரிங் கேமராவும் உங்க பக்கம் மட்டும் சாட்சி சொல்லாது.

எடிசன்_வாசி:

நியூ ஜெர்சில இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. இங்க வாங்குறதுக்கே போலீஸ் மூலமா பெர்மிட் எடுக்கணும். வீட்டுக்குள்ள பின்வாங்க வேண்டாம்னு இங்கயும் இருக்கு, ஆனா வந்தவனும் நீங்களும் திடீர்னு எதிர்பாராம எதிர்ப்பட்டு உடனே செயல்பட வேண்டிய கட்டாயம் இருந்துச்சா, இல்ல அவன் தாக்குவான்னு நியாயமா நம்புனீங்களா, இல்ல சரணடைய சொல்லியும் கேக்கலையான்னு தனித்தனியா பாப்பாங்க. மாடில இருந்து எறங்கித் தேடிட்டுப் போனா அந்த "திடீர்னு"ன்ற வாதம் வலு கொறையும். ஸ்டேட் மாறுனா சட்டம் மாறும், டெக்சாஸ் கதைய கேட்டு இங்க யாரும் எறங்கிராதீங்க.

கொங்கு_தோட்டம்:

ஊர்ல என்ன நெலமைனு யாராச்சு சொல்றீங்ளா? எங்கப்பனும் அம்மாவும் பெருந்துறை பக்கம் தோட்டத்து வீட்ல தனியா இருக்காங்க.

வைகைக்கரையான்:

இந்தியச் சட்டம் என் வேல இல்ல, ஆனா அடிப்படை தெரியும். 2024 ஜூலை 1ல இருந்து பழைய ஐபிசிக்கு பதிலா பாரதிய நியாய சன்ஹிதா, அதுல 34ல இருந்து 44 வரைக்கும் தற்காப்பு உரிமை. 41ஆம் பிரிவுல கொள்ளை, சூரியன் மறஞ்சதுல இருந்து உதிக்கிற வரைக்கும் வீட்ட ஒடச்சு நுழையுறது, குடியிருக்குற வீட்டுக்கு தீ வைக்கிறது இதுக்கெல்லாம் உயிர் போற அளவு வரைக்கும் எதிர்க்கலாம்னு இருக்கு. 37ஆம் பிரிவு கடிவாளம் போடுது, போலீஸ கூப்பிட நேரம் இருந்தா உரிமை இல்ல, தேவைக்கு மேல சேதம் பண்ணக் கூடாது. பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. இங்க அமெரிக்கால நீங்க தற்காப்ப எழுப்பிட்டா அது தற்காப்பு இல்லன்னு அரசு தரப்புதான் நிரூபிக்கணும், கடைசியா ஒஹாயோவும் 2019ல அப்படி மாறிருச்சு. அங்க தற்காப்புன்னு காட்ட வேண்டிய பொறுப்பு சுட்டவர் மேல. 1952ல அம்ஜத் கான் கேஸ்ல கலவரக் கும்பல் கடைய ஒடைக்கும்போது சுட்டவர சுப்ரீம் கோர்ட் விடுவிச்சுது. 1979ல மொகிந்தர் பால் ஜாலி கேஸ்ல கல்லெறிஞ்ச தொழிலாளிங்க மேல சுட்ட பஞ்சாப் ஃபேக்டரி முதலாளிக்கு வரம்பு மீறிட்டீங்கன்னு தண்டனை உறுதியாச்சு. லைசன்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி மட்டும் வீட்டுல இருக்கவே கூடாது, அது தனியா ஆயுதச் சட்டத்துல போகும்.

கரிசக்காட்டு_பொண்ணு:

அண்ணா, ஒருவேள சுட்டாச்சுன்னா அடுத்து என்ன செய்யணும்? அதையும் சொல்லிருங்க.

வைகைக்கரையான்:

911க்கு உடனே நீங்களே அடிக்கணும், யார் மொதல்ல கூப்பிட்டாங்கன்றதே ஒரு சாட்சி. வீட்டுக்குள்ள ஆள் புகுந்தான், சுட்டிருக்கேன், ஆம்புலன்ஸ் வேணும், அட்ரஸ் இது, நான் இந்தக் கலர் சட்ட போட்டிருக்கேன். அவ்ளோதான். அந்த லைன் முழுக்க ரெக்கார்டு, போன வைக்க மறந்து வொய்ஃப்கிட்ட தமிழ்ல பேசுறதும் ரெக்கார்டுதான். போலீஸ் வர்றப்ப கைல துப்பாக்கி இருக்கக் கூடாது, வர்றவங்களுக்கு யார் திருடன் யார் வீட்டுக்காரன்னு தெரியாது. வந்தவன் எங்க நின்னான், கைல என்ன இருந்துச்சு, சாட்சி யாருன்னு காட்டிட்டு, மீதிய வக்கீலோட சேந்து சொல்றேன்னு மரியாதையா நிறுத்திக்கங்க. நம்மாளுங்க பதட்டத்துல எல்லாத்தையும் வெளக்க ஆரம்பிச்சுருவாங்க, எத்தன தடவ சுட்டேன், எவ்ளோ தூரம்னு தப்புத்தப்பா சொல்லிட்டு அப்புறம் மாத்துவாங்க. வேஃபர் கேஸ்ல பாத்தீங்கல்ல.

சுவரையும் மறந்துராதீங்க. இங்க உள் சுவரெல்லாம் ரெண்டு பக்கமும் அர இஞ்சு ஷீட்ராக்குன்ற ஜிப்சம் போர்டு, நடுவுல காத்து. கைத்துப்பாக்கித் தோட்டா அத துளச்சுட்டு புள்ளைங்க ரூமுக்கோ அடுத்த வீட்டுக்கோ போயிரும். டெக்சாஸ் 9.05 என்ன சொல்லுதுன்னா திருடன சுட்டது நியாயமாவே இருந்தாலும் கண்மூடித்தனமா சுட்டு சம்பந்தமில்லாத ஒருத்தர் அடிபட்டா அதுக்கு தற்காப்பு வாதம் செல்லாது. 17 வயசுக்கு கீழ இருக்குற புள்ள கைக்கு லோடு பண்ண துப்பாக்கி எட்டுற மாதிரி வச்சா 46.13 படி அதுவும் குத்தம், வெடிச்சு யாருக்காவது பெரிய காயம் ஆச்சுன்னா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்.

கிரீன் கார்டுக்காரங்க கேஸ் தள்ளுபடி ஆயிருச்சுன்னு விட்டுர முடியாது. சிட்டிசன்ஷிப் ஃபார்ம் என்400ல கைதானதுண்டா, புடிச்சு வச்சதுண்டான்னு கேப்பாங்க, குத்தம் சாட்டாம விட்டாலும் எழுதியே ஆகணும், பேப்பர் எல்லாம் காட்டணும்.

பாலாறு_பையன்:

அண்ணா, அக்கா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வொய்ஃபும் நானும் சேந்து முழுசா படிச்சோம். இப்போதைக்கு வாங்கல. பின் கதவுக்கு ஒடையாத ஃபிலிம் ஒட்டி பூட்டு நாக்கு நுழையுற நெலைத் தகடான ஸ்ட்ரைக் ப்ளேட்டுக்கு மூணு இஞ்சு ஸ்க்ரூ மாத்திட்டோம், நகைய பேங்க் லாக்கர்ல வச்சாச்சு. ரெண்டு கேள்வி மட்டும் மிச்சம். ஒண்ணு, ரேஞ்சுக்கு போய் வாடகை துப்பாக்கில சும்மா சுட்டு பாக்கலாமா? ரெண்டாவது, பக்கத்து தெரு நண்பர் கிரீன் கார்டு, ரெண்டு மாசம் மதுரைக்கு போறாரு, வீட்டு சாவியும் துப்பாக்கி சேஃப் நம்பரும் என்கிட்ட குடுத்துட்டுப் போறேன்றாரு.

வைகைக்கரையான்:

ரேஞ்சுல கைல எடுக்குறதும் வச்சிருக்கறதுதான். ஃப்ளோரிடால ரெஹைஃப்னு ஒரு மாணவர், படிப்பு நின்னு விசா ஸ்டேட்டஸ் போனதுக்கு அப்புறம் ரேஞ்சுக்கு போய் சுட்டதுக்குத்தான் கேஸ் ஆச்சு. 2019ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், தன் ஸ்டேட்டஸ் அவருக்கு தெரிஞ்சிருந்துச்சுன்னு அரசு தரப்பு நிரூபிக்கணும்னு தீர்ப்பு வந்துச்சு. உங்க டிராயர்ல எச்1பி அப்ரூவல் பேப்பர் இருக்கு, தெரியாதுன்னு சொல்ல வழியே இல்ல. வேட்டை லைசன்ஸ் கைல இல்லாம ரேஞ்சுக்கும் போகாதீங்க.

நண்பர் வீட்டு சாவிய வாங்கிக்கங்க, செடிக்கு தண்ணி ஊத்துங்க. சேஃப் நம்பர மட்டும் வாங்காதீங்க, ஏற்கனவே சொல்லியிருந்தாருன்னா கிளம்புறதுக்கு முன்னாடி மாத்தச் சொல்லுங்க, மாத்துனத உங்ககிட்ட சொல்லவும் வேணாம்னுருங்க.